“நல்ல மனிசன்தானே, உனக்கென்ன குறை?”

கேள்வி

அன்பின் ஆலோசகர் அவர்களுக்கு,

இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று எழுதலாமா என்று கனநாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு வயது 41. திருகோணமலை டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை. கணவருக்கு மூதூரில் வேலை. காலையில் இருட்டோடு பஸ் பிடித்தால் திரும்ப ஆறு மணி தாண்டும். மகள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள், மகன் அவளுக்கு இளையவன். உவர்மலையில் சொந்த வீடு. கடன் இருக்கிறது, சமாளிக்கலாம்.

அவர் குடிப்பதில்லை, கைநீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். ஆனால் நாங்கள் கதைப்பது “ரியூஷன் காசு கட்டியாச்சா”, “காஸ் முடியுது”, “நாளைக்கு மீனா மரக்கறியா” அவ்வளவுதான். இரவில் அவர் போனோடு ஒரு பக்கம், நான் உடுப்பு மடித்தபடி ஒரு பக்கம். ஒரே போர்டிங்கில் தங்கியிருக்கிற இரண்டு பேர் மாதிரி.

அம்மாவிடம் சொன்னால், “நல்ல மனிசன்தானே, உனக்கென்ன குறை? கோணேசருக்கு நன்றி சொல்லிக்கொண்டு இரு” என்கிறார். தங்கச்சி ஒருபடி மேலே போய், தினமும் நன்றி எழுத என்று ஒரு கொப்பியே வாங்கித் தந்தாள். “வீடு, பிள்ளைகள், சுகம்” என்று எழுதினேன். அடுத்த நாளும் அதே. மளிகைச் சாமான் லிஸ்ட் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. 2022இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியால் கரண்டும் பெற்றோலும் காஸும் இல்லாத அந்த மாதங்களில் நாங்கள் இப்போதைவிடச் சந்தோஷமாக இருந்தோம். அவர் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் நிற்பார், நான் பிளாஸ்கில் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். கரண்ட் இல்லாத இரவுகளில் முற்றத்தில் பாய் போட்டு நாலு பேரும் கதைத்துக்கொண்டிருப்போம். இப்போது எல்லாம் கிடைக்கிறது. ஞாயிறு பின்னேரம் என் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடிக்கப் போகிறவர் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வருவார். அந்த ஒரு நாளாவது வீட்டில் இருக்கலாமே என்று எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் நன்றிகெட்டவளா?

– வாசகி, திருகோணமலை

பதில்

அன்பின் சகோதரி,

இல்லை. அம்மா சொன்னதை முதலில் ஒரு பக்கம் வைத்துவிடுவோம். குடிக்காததும் கைநீட்டாததும் நன்றி சொல்ல வேண்டிய விஷயங்கள் அல்ல. ஒரு ஆள் வீட்டில் ஒழுங்காக இருக்கும் முறையே அதுதான். அதை நினைத்து மனம் பூரிக்கவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளத் தேவையில்லை.

தங்கச்சியின் கொப்பியில் விஷயம் இருக்கிறது, பாவித்த முறைதான் சரிவரவில்லை. ரொபர்ட் எமன்ஸ், மைக்கல் மெக்கலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. அதில் கிழமைக்கு ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாகச் சொன்னார்கள். கிழமைக்கு ஒருமுறை என்பதைக் கவனியுங்கள். தினமும் எழுதினால் பலருக்கு அது கடமையாகிவிடும். “சுகம்” என்று தலைப்பு மட்டும் எழுதினால் மனதில் ஒன்றும் எழும்பாது. அந்தக் கிழமை நடந்த ஒன்றை, யார் என்ன செய்தார் என்று எழுத வேண்டும்.

இனி 2022. கஷ்டம்தான் உங்களை நெருக்கமாக்கியது என்று நினைக்கிறீர்கள் போல. நான் அப்படி நினைக்கவில்லை. 13 மணித்தியால மின்வெட்டு வரைக்கும் போன அந்த வருடம் யாரும் திரும்பக் கேட்கிற வருடம் இல்லை. ஆனால் அப்போது அவர் உங்களுக்காகச் செய்தது கண்ணுக்குத் தெரிந்தது. வரிசையில் நின்ற மனிசனை நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்கள், நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்கை அவர் பார்த்தார். இன்றைக்கும் அதே மனிசன் அதே ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு வருகிறார். வரிசை ஒன்றுதான் இல்லை. சிக்கலில்லாமல் நடக்கிற காரியத்தை மனம் கணக்கில் எடுக்காது. அது உங்கள் குணத்தின் கோளாறு அல்ல, எல்லாருடைய மனமும் வசதிக்குப் பழகுவது அப்படித்தான்.

அவருடைய மனமும் அப்படியே என்பதையும் மறக்கக் கூடாது. நீங்கள் மடிக்கிற உடுப்பு அலுமாரிக்குத் தானாகப் போய்ச் சேர்கிறது என்றுதான் அவர் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மைக்கல் ரொஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979இலேயே இதைக் காட்டினார்கள். வீட்டு வேலையில் தன் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டால், இரண்டு பேர் சொன்னதையும் கூட்டும்போது பெரும்பாலும் நூறு வீதத்தைத் தாண்டிவிடுகிறது. பொய் சொல்வதில்லை, தன் கை செய்தது தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே உடுப்பில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, “இதைக் கொஞ்சம் மடிச்சுத் தாங்கோ” என்று கேளுங்கள். களைப்பை நன்றியால் மூடி வைக்க வேண்டாம்.

அந்த ஞாயிறு ஒரு மணித்தியாலம் என்ன செய்கிறார் என்று எப்போதாவது கேட்டீர்களா? டயருக்குக் காற்று அடிப்பாரோ, டச்பே கடற்கரையில் கொஞ்ச நேரம் தனியே நிற்பாரோ, விசாரணை செய்கிற குரலில் இல்லாமல் கேளுங்கள். அடுத்த முறை பின்சீட்டில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அவ்வளவு நேரம் தனியே இருக்கிற வயதுதான். தம்பதிகள் வழக்கமில்லாத ஒன்றைச் சேர்ந்து செய்த பிறகு உறவில் கூடுதல் திருப்தி சொன்னதாக ஆர்தர் ஆரன் குழுவின் ஆய்வுகள் 2000இல் காட்டின. எங்கள் ஊர்க்காரர் நிலாவெளிக் கடற்கரைக்குப் போவது கொழும்பிலிருந்து சொந்தக்காரர் வந்தால் மட்டும்தான், இல்லையா? விருந்தாளி இல்லாமலும் ஒருநாள் போகலாம்.

ஒரு கேள்வி. சலிப்பு கணவர் விஷயத்தில் மட்டும்தானா? முன்பு ரசித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு கிழமைக்கு மேலாக அப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கொப்பியால் அது தீராது. ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைப் பாருங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

அப்படி இல்லையென்றால், வாய்திறந்து சொல்லிப் பழகுங்கள். எங்கள் வீடுகளில் புருஷன் பெண்சாதிக்கிடையே “தாங்ஸ்” என்றால் நக்கல் மாதிரித்தான் கேட்கும், அந்தச் சொல் தேவையில்லை. சாரா ஆல்கோ என்ற ஆய்வாளரின் குழு கண்டது உங்களுக்கு உதவும்: தனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்வதைவிட, மற்றவர் செய்ததைப் பாராட்டிச் சொல்லும்போது அது கேட்பவருக்கு நன்றாகப் போய்ச் சேர்கிறது. “பெற்றோல் இருந்தது நல்லதாப் போச்சு” என்பதைவிட, “திங்கட்கிழமை நான் அந்தரப்படக் கூடாதெண்டு ஞாபகமா அடிச்சு வைக்கிறீங்களே” என்று சொல்லிப் பாருங்கள். அவர் “இண்டைக்கு என்ன புதுசா?” என்று சிரித்தால் விளக்கம் கொடுக்கப் போக வேண்டாம். அடுத்த கிழமை வேறொன்றைக் கண்டால் அதையும் சொல்லுங்கள்.