பொரிப்பக இறால் குஞ்சுகளைக் கழிமுகத்தில் விட்டால் சூழலுக்கு என்ன ஆகும்?

பொரிப்பகத்தில் வளர்த்த இறால் குஞ்சுகளைக் கழிமுகத்தில் விடுவது நல்லதா, கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நீரில் இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் வாலகூட் ஏரியைப் பாருங்கள். அந்தக் கரையின் கிங் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு தெற்கே வந்து, கழிமுகங்களுக்குள் நுழைந்து கடற்புல் நடுவே வளரும். ஆனால் இந்த ஏரியின் முகத்துவாரத்தை மணல்திட்டு நீண்ட காலம் அடைத்துவிடும். உள்ளே புல்லும் இரையும் இருக்கும், இறால் நுழைய வழியிருக்காது. அங்கே குஞ்சு விட்டால் காலியிடம்தான் நிரம்புகிறது.

சரி, திறந்த கழிமுகத்தில்? இயற்கைக் குஞ்சுகளோடு அதே புழுபூச்சிக்குப் போட்டி வரும். விட்ட இடத்தில் மீன்களும் கூடிவிடும். மணலில்லாத தொட்டியில் வளர்ந்த குஞ்சு சட்டென்று புதையத் தெரியாமல் இரையாகிவிடும். சில தாய் இறால்களே லட்சக்கணக்கில் முட்டையிடுவதால் மரபு வேறுபாடும் சுருங்கும்.

எனக்குப் பெரிய பயம் நோய்தான். 1993-இல் ஜப்பானில் குருமா என்ற இறால் இனத்தை வளர்க்கும் பண்ணைகளுக்கு, இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் சீனாவிலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு வந்தது. பண்ணைக் குளத்தையாவது வற்றவைத்துக் காயப்போடலாம், கழிமுகத்தை என்ன செய்வது? அந்த வைரஸ் நண்டுக்கும் தொற்றும். அதனால் உள்ளூர் இனத்தின் குஞ்சுகளை மட்டும், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை முடித்த பிறகே விட வேண்டும்.