பல் தேய்ப்பதற்குள் மறந்துபோகும் கனவு

கேள்வி: சிறுவர் பத்திரிகைகளுக்குப் படம் வரைகிறேன். ஒரு வருடமாக வரைந்ததையே திரும்ப வரைவதுபோல் இருக்கிறது. கனவுக் குறிப்பேடு வைத்தால் புது யோசனை வரும் என்றார்கள். நோட்டு வாங்கி நாலு நாள் எழுதினேன். அப்புறம் பல் தேய்ப்பதற்குள் எல்லாம் மறந்துவிடுகிறது. எழுதிய நாலிலும் படமாக எதுவும் தேறவில்லை. கெட்ட கனவையெல்லாம் எழுதி வைக்காதே என்று அம்மா வேறு திட்டுகிறார். என்ன செய்யலாம்?
– மதுரை வாசகி

பதில்: நோட்டு எங்கே இருக்கிறது? மேஜைமேல் என்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான்.

மறப்பது உங்கள் குறை இல்லை. கனவு அதிகம் வரும் ரெம் உறக்கத்தில், நினைவைப் பதியவைக்க உதவும் நோர்அட்ரினலின் என்ற ரசாயனம் மூளையில் மிகவும் குறைந்துவிடுகிறது. விழித்த கையோடு பிடிக்காவிட்டால் போயிற்று. இந்த உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முதல் சுற்றில் சில நிமிடம்தான். விடியும் நேரத்தில் அரை மணி நேரம்வரைகூட நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே, பலிக்கிறதோ இல்லையோ, நினைவில் நிற்பது பெரும்பாலும் அதுதான்.

அதனால் விழித்ததும் புரளாதீர்கள். கண்ணைத் திறக்காமல் அப்படியே படுத்து, கடைசியாகப் பார்த்தது எது என்று பிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். நோட்டு தலையணை ஓரம் இருக்கட்டும், கூடவே பென்சில். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. மொபைல் வேண்டாம்; வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பார்த்தால் கனவு காலி. கனவு பிடிக்கவென்று நடு ராத்திரி அலாரம் வைப்பவர்களும் உண்டு. தூக்கம் கெட்டால் மறுநாள் வரையும் கை தளர்ந்துவிடும். ஒன்றுமே ஞாபகம் இல்லாத நாளில் தேதியைப் போட்டு, எழுந்தபோது இருந்த மனநிலையை ஒரு வரி எழுதுங்கள், போதும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் எழுதிய நாலும் கதையாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் பழைய நோட்டில் ஒரு பக்கம்: ‘பெரிய வீடு. பயமாக இருந்தது. யாரோ துரத்தினார்கள்.’ இதை வைத்து ஒரு கோடுகூடப் போட முடியாது. இன்னொரு பக்கத்தில் ஒரு கிறுக்கல். கிணற்று வட்டம், உள்ளே தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு தையல் மிஷின். ஓரத்தில், ‘மிதிக்கிற சத்தம் மட்டும். பச்சைத் துணி. நனையவில்லை.’ இரண்டு வருஷம் கழித்து ஒரு கதைக்குப் படம் கேட்டபோது அந்த நனையாத பச்சைத் துணிதான் கைகொடுத்தது. கிணறும் மிஷினும் அந்தப் படத்தில் கிடையாது.

ஆகவே முதலில் கிறுக்குங்கள், சொல் அப்புறம். நிறம், சத்தம், தூரம், எது எதற்கு மேலே இருந்தது, இவை போதும். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வானத்திலிருந்து பெருவெள்ளம் கொட்டுவதாகக் கனவு கண்டு, உடம்பெல்லாம் நடுங்க விழித்தார். காலையில் அதை நீர்வண்ணத்தில் தீட்டி, கீழே குறிப்பும் எழுதினார். முதல் தண்ணீர் எத்தனை மைல் தள்ளி விழுந்தது, எவ்வளவு இரைச்சல் என்றெல்லாம் அதில் இருக்கிறது. என்ன பலன் என்ற ஆராய்ச்சி இல்லை. கடவுள் எல்லாவற்றையும் நல்லபடியாக முடிக்கட்டும் என்று முடித்துவிட்டார். அந்தத் தாள் இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களும் பலன் பார்க்க உட்காராதீர்கள். ‘பாம்பு என்றால் பகை’ என்று எழுதிவிட்டால், அந்தப் பாம்பு எப்படி நெளிந்தது என்பது மறந்துபோகும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். திப்பு சுல்தான் தன் கைப்பட 37 கனவுகளைப் பாரசீகத்தில் எழுதி வைத்திருந்தார். யாராவது பக்கத்தில் வந்தால் மறைத்துவிடுவாராம். 1799இல் அவர் இறந்த பிறகு படுக்கையறையில் அது கிடைத்தது. நீங்களும் நோட்டை மறைத்து வையுங்கள், வீட்டில் சண்டை மிச்சம். ஆனால் அம்மா சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஒரே கெட்ட கனவு வாரக்கணக்கில் வந்து தூக்கத்தைக் கெடுத்தால், நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அது ஓவியத்தில் தீர்க்கிற சமாச்சாரம் இல்லை.

எழுதியதை மறுநாளே புரட்டாதீர்கள். ஒரு மாதம் போகட்டும். பிறகு எங்கே கண் நிற்கிறதோ அந்த ஒரு பொருளை மட்டும் எடுத்து, கையில் இருக்கும் வேலைக்குள் வைத்துப் பாருங்கள். முழுக் கனவையும் வரைய வேண்டாம். அடுத்தவர் கனவைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அதற்குள் அவசரமாக ஒரு படம் வேண்டுமென்றால், மதியத்துக்கு ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி சொன்ன வழி ஒன்று இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து, கனமான சாவியை விரலிடுக்கில் பிடித்து, கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். கண் அசந்ததும் சாவி விழுந்து எழுப்பிவிடும். அந்த நொடியில் தெரிந்ததை வரையுங்கள். தட்டு எவர்சில்வராக இருக்கட்டும், பீங்கான் என்றால் அம்மா மறுபடி ஆரம்பித்துவிடுவார்.