அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஒல்லியான கால்கள், அலங்காரம் குறைந்த மரவேலை, கண்ணை உறுத்தாத வளைவுகள். 1940-களின் நடுவிலிருந்து 1960-களின் கடைசிவரை செய்யப்பட்ட இந்த மாதிரி நாற்காலி, அலமாரி, விளக்கு, கிண்ணங்களைத்தான் மிட்-செஞ்சுரி மாடர்ன் என்ற பெயரில் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் சண்டிகர் நாற்காலி பற்றியவையே அதிகம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் தேக்கு நாற்காலி ஒன்று பார்த்தேன். பிரம்புப் பின்னல், பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ‘வி’யைக் கவிழ்த்தது போலக் கால்கள். ‘ஒரிஜினல் சண்டிகர், இரண்டு லட்சம்’ என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

கடைக்காரர் சொல்வதை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அதற்கு முன் கொஞ்சம் கதை தெரிந்திருக்க வேண்டும். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் தேவைப்பட்டது. அதுதான் சண்டிகர். சுவிஸ்-பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே நகரத்தை வரைந்தார். அவருடைய உறவினர் பியர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலையை நடத்தினார். அரசு அலுவலகங்கள், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேசை நாற்காலி தேவைப்பட்டன. ஜான்னரேயும், யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து அவற்றை வடிவமைத்தார்கள். செய்தவர்கள் அந்தப் பகுதியின் தச்சுப் பட்டறைக்காரர்கள்.

ஒரே மாதிரியைப் பல பட்டறைகள் செய்ததால் அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் அரை அங்குல வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்க வேண்டாம். ‘பிஜே-எஸ்ஐ-28-ஏ’ என்று ஒரு எண்ணைக் கடைக்காரர் சொல்வாராயின், அது பிற்காலத்தில் அட்டவணை போட்டவர்கள் கொடுத்த எண். எந்த நாற்காலிக்கும் அதை ஒட்டிக்கொள்ளலாம், அது சான்றாகாது.

நான் முதலில் பார்ப்பது காலின் அடி. ஐம்பது அறுபது வருடம் அரசு அலுவலகத் தரையில் இழுபட்ட கால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். தினமும் தரை துடைத்த தண்ணீர் ஊறிக் கீழ் இரண்டு அங்குலம் கறுத்திருக்கும். அடுத்து கைப்பிடி. முழங்கை படும் இடம் வழுவழுப்பாகவும் கறுப்பாகவும், கை படாத உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே நிறத்தில் ‘பழசாக’ இருந்தால் அது சாயம் பூசிய பழசு. பிறகு பிரம்பு. பிரம்பு புதிதாக இருப்பது குறையே இல்லை, இத்தனை வருடத்தில் எத்தனை தடவை மாற்றியிருப்பார்கள்! ஆனால் அத்தனை தடவை மாற்றியதன் அடையாளம் சட்டத்தில் தெரிய வேண்டும். துளைகளின் ஓரம் தேய்ந்திருக்கும், இடையிடையே பழைய ஆணித் தடங்கள் இருக்கும். துளை எல்லாம் துரப்பணம் போட்ட அன்று இருந்தது போலக் கூர்மையாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

முதுகில் எந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்று அச்சுத் தகடு வைத்துப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். போலி செய்பவர்கள் முதலில் செய்வதும் அதைத்தான். எழுத்தின் மேலேயும் கீறல் ஓடுகிறதா, அல்லது கீறலின் மேல் எழுத்து உட்கார்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கீறலின் மேல் எழுத்து என்றால் அது பிறகு எழுதியது.

இத்தனையும் தேறினால் மட்டும் விலை பேசுங்கள். தேறாவிட்டாலும் நாற்காலி நன்றாக இருந்தால், நல்ல தேக்கு நாற்காலிக்கான விலையைக் கொடுத்து வாங்குங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை.

சண்டிகர் நாற்காலியை வாங்குவது சட்டப்படி சரியா? சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்ப முடியுமா?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயது தாண்டிய பொருள்களுக்குத்தான். அந்த ஓட்டை வழியாகத்தான் 1990-களிலிருந்து இந்த நாற்காலிகள் கழிவுச் சாமான் ஏலத்தில் போய், வெளிநாட்டு வியாபாரிகள் கையில் சேர்ந்து, அங்கே ஒவ்வொன்றும் பல லட்சத்துக்கு விற்றன. அலுவலக மொட்டை மாடியில் உடைந்து கிடந்தவற்றை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டோம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வேதனைதான். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம், சண்டிகரின் பாரம்பரியப் பொருள்களை விற்கவோ வெளிநாடு அனுப்பவோ கூடாது என்று உத்தரவு போட்டது. ஆகவே தம்பிக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உள்ளூரில் வாங்குவதானாலும், எந்த ஏலத்தில், எந்த வருடம், யார் எடுத்தது என்பதற்கான ரசீது இல்லாமல் தொட வேண்டாம்.

தம்பிக்கு அந்த வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால், புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் என்ற நிறுவனத்தார் அதே முறையில், கைவேலையாகவே செய்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்கப்படும் புதிய நாற்காலி நேர்மையான பொருள்.

டென்மார்க், ஹெர்னிங்கில் இருக்கிறோம். பழைய சாமான் சந்தையில் ஒரு விஷ்போன் கதிரை மலிவாகக் கிடைத்தது. இருக்கையின் கயிறு அறுந்துவிட்டது. அம்மா வயர் கூடை நன்றாகப் பின்னுவா. நைலோன் கயிற்றால் அவவே பின்னித் தரலாமோ, அண்ணா?

அம்மாவே பின்னட்டும், ஆனால் நைலோன் வேண்டாம். டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வரைந்து 1950 முதல் இன்றுவரை நிறுத்தாமல் செய்யப்படும் கதிரை அது. அதன் இருக்கை காகிதக் கயிறு. காகிதத்தை முறுக்கித் திரித்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நல்ல பின்னல் பல பத்தாண்டு தாங்கும். ஒரு இருக்கைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் வேண்டும். நைலோன், பாரம் ஏற ஏற நீளும்; ஆறு மாதத்தில் நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிடும். நீங்கள் இருக்கும் நாட்டில்தான் அந்தக் கயிறு சுலபமாகக் கிடைக்கும். அறுந்ததைப் பிரிப்பதற்கு முன் மேலேயும் கீழேயும் படம் எடுத்து வையுங்கள். நான்கு மூலையிலிருந்து நடுவை நோக்கிப் போகும் பின்னல்தான், வயர் கூடை பின்னிய கைக்கு ஒரு நாளில் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று. அங்கே வாங்கும் கதிரைகளில் டேனிஷ் ஃபர்னிச்சர் மேக்கர்ஸ் கண்ட்ரோல் என்ற வட்ட முத்திரையைப் பார்த்ததும் பெரிய வடிவமைப்பாளரின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். அது தரச் சான்று மட்டுமே. யார் வரைந்தது என்பதை அது சொல்லாது. அப்புறம், கறுஞ்சிவப்பு ரோஸ்வுட் கதிரைகளை ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கவனம்: பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் உலக வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். தேக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பெங்களூரில் ஒருவர் ‘ஒரிஜினல் ஈம்ஸ் லவுஞ்ச் சேர்’ விற்கிறார். பக்கத்தில் ஒரு லீவர் இருக்கிறது, இழுத்தால் சாய்கிறது. கால் நான்கு.

வாங்காதீர்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி வரைந்து, 1956-இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட அசலில் நாற்காலிக்கு ஐந்து கால், கால் வைக்கும் ஸ்டூலுக்குத்தான் நான்கு. சாய்வு நிலையானது, லீவர் கிடையாது. அசலே கிடைத்தாலும் முதுகுப் பலகையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் வில்லைகளைப் பாருங்கள். அந்த ரப்பரும் பசையும் வயதாகி விட்டுப்போனால் பலகையையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

மதுரையிலிருந்து எழுதுகிறேன் ஐயா. ஊரைக் காலி செய்த வெளிநாட்டுக் குடும்பத்திடம் நீளமான தேக்கு சைட்போர்டு ஒன்று வாங்கினேன். டிராயருக்குள் ‘மேட் இன் டென்மார்க்’ என்று இருக்கிறது. மேலே வெள்ளை வட்டக் கறைகள். ஆசாரி மெஷின் போட்டு இழைத்துவிட்டுப் புதுசாக பாலிஷ் அடிக்கலாம் என்கிறார். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். இன்றே அவருக்குப் போன் செய்து நிறுத்திவிடுங்கள்.

நான் வாங்கிய முதல் டேனிஷ் அலமாரிக்கு இதுதான் நடந்தது. நல்ல வேலைக்காரர் என்று பெயர் எடுத்த ஒரு பட்டறையில் கொடுத்தேன். நம் ஊர்த் தேக்குக் கதவை இழைப்பது போல மெஷினை வைத்தார்கள். பத்து நிமிடத்தில் மேல்பலகையின் நடுவில் தேக்கு போய், அடியிலிருந்த வெளிறிய மரம் எட்டிப் பார்த்தது. டென்மார்க்கில் இந்தப் பெரிய பலகைகளை முழுத் தேக்கில் செய்வது அபூர்வம். அகலப் பலகை வளைந்துவிடும் என்பதாலும், நல்ல தேக்கை வீணாக்கக் கூடாது என்பதாலும், வேறு மரத்தின் மேல் தேக்கு வெனீர், அதாவது மெல்லியதாகச் சீவிய தேக்குத் தகடு, ஒட்டுவார்கள். அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. போனால் திரும்ப வராது. அந்த அலமாரி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. மேலே ஒரு துணி விரித்திருக்கிறேன்.

உங்களுடையது வெனீரா என்று தெரிந்துகொள்ள, மேல்பலகையின் ரேகை ஓரத்தில் மடங்கி முனை மரமாகத் தொடர்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் வேறொரு பட்டை ஒட்டியிருந்தால் வெனீர்தான்.

அடுத்து, மேலே என்ன பூச்சு என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு. அசையாவிட்டால் தின்னர் தொட்டுப் பாருங்கள். இளகினால் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு. இரண்டுக்கும் மசியாமல் உள்ளே ஊறினால் எண்ணெய்ப் பூச்சு. வெள்ளை வட்டம் பெரும்பாலும் சூடான டம்ளரின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டது. மரம் கெட்டதாக அர்த்தம் இல்லை. அரக்கு என்றால் ஸ்பிரிட் மிகக் குறைவாக நனைத்த துணியை வட்டத்தின் மேல் ஓரிரு முறை ஒற்றி எடுத்தாலே மங்கும். எண்ணெய்ப் பூச்சு என்றால் 400-க்கு மேற்பட்ட நைசான உப்புத்தாளால், கையால், ரேகை போகும் வாக்கில் மட்டும் மெல்லத் தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, ஒட்டாமல் துடைத்து எடுங்கள். லாக்கர் என்றால் அனுபவமுள்ளவரிடம் காட்டும்வரை கை வைக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காயும்போது அதுவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப் போடுங்கள். இரண்டாவது, நம் வீடுகளில் மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. அது காயவே காயாது. தூசியை இழுத்து, சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

எல்லாக் கறையையும் எடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. அந்த வட்டங்களில் ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும்.

டொரன்டோவில் தாமரை இதழ் போட்ட எனாமல் கிண்ணம் ஒன்று வாங்கினேன். கிரெட்டே பிரிட்ஸ் கிட்டெல்சன் வடிவமைத்தது என்றார்கள். உண்மையா?

பாதி உண்மை. நார்வேயின் கேத்ரின்ஹோம் ஆலைக்காகக் கிண்ணங்களின் வடிவத்தை உருவாக்கியவர் அவர். இதழ்க் கோலத்தைப் போட்டவர் அதே ஆலையில் இருந்த ஆர்னே கிளாவுசன். எனாமல் தெறித்திருந்தால் சாப்பாட்டுக்கு வேண்டாம், பார்வைக்கு வையுங்கள்.

இதற்கெல்லாம் எனக்கு வசதி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் அம்மா வீட்டுப் பரணிலிருந்து. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், இங்கே பார்த்த பொருள்களிலேயே மிக அழகானதாக அவர்கள் பாராட்டியது லோட்டாவைத்தான், நம் வீட்டுச் செம்பின் வடநாட்டு உறவை. அது கையில் எப்படி உட்காருகிறது, தண்ணீரை எப்படி ஊற்றுகிறது, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எப்படி மாறுகிறது என்றெல்லாம் யோசித்தார்கள். ஒரு செம்பை அப்படிக் கையில் எடுத்துப் பழகினால் பிறகு எந்த நாற்காலியையும் பார்க்கத் தெரிந்துவிடும்.

புதுச்சேரியில் இந்தக் காலத்துப் பொருள்கள் ஏதாவது இருக்கின்றனவா? விலைக்குக் கிடைக்குமா?

இருப்பதிலேயே முக்கியமானது விலைக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வரைந்த அந்தக் கான்கிரீட் கட்டடத்தின் வேலையைப் பார்த்துக்கொள்ள 1937-இல் வந்தவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. வந்தவர் சம்பளத்தை விட்டுவிட்டு ஆசிரமவாசியாகவே ஆனார். சுந்தரானந்தா என்று பெயரும் பெற்றார். உள்ளே போடத் தேக்கில் அவர் வடிவமைத்த சாமான்கள்தான் அவருடைய மரவேலையின் தொடக்கம். பின்னாளில் அமெரிக்காவில், போர்க்கால முகாமில் அடைபட்டிருந்தபோது ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் பாரம்பரிய வேலை கற்று, பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு, உலகம் அறிந்த கலைஞரானார். அவருடைய மேசைகளுக்காக இன்று ஏலத்தில் போட்டி போடுபவர்களில் எத்தனை பேருக்குப் புதுச்சேரி தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அது இப்போதும் ஆட்கள் தங்கும் இடம், காட்சிக்கூடம் கிடையாது. உள்ளே பார்க்க ஆசிரமத்தில் முறையாக அனுமதி கேட்க வேண்டும். கிடைத்தால் நாற்காலிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கதவு ஜன்னல்களின் பித்தளைப் பிடிகளையும் பாருங்கள். அன்பர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தவை அவை.