பாதுகாப்பு உத்தரவும் பிற வழக்குகளும்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம். கணவரின் வன்முறைக்கு எதிராக நடுவர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும் மாதம் 8,000 ரூபாயும் பெற்றிருக்கிறேன். கணவர் இப்போது விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார். அங்கேயும் ஜீவனாம்சம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம், 2005 மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்று அதன் 36ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் ஏற்கெனவே கிடைக்கும் 8,000 ரூபாயைப் பிரமாணப் பத்திரத்தில் கட்டாயம் எழுதுங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. குடும்பநல நீதிமன்றம் 12,000 ரூபாய் என்று முடிவு செய்தால், பழைய தொகையைக் கழித்துக்கொண்டு மீதி 4,000 ரூபாயைத் தரச் சொல்லலாம். மறைத்துவிட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். அடி வாங்கியதை நீங்கள் சொல்லும்போதும் நீதிபதி சந்தேகத்தோடு கேட்பார்.

கேள்வி: விவாகரத்து கிடைத்தால் பாதுகாப்பு உத்தரவு தானாக ரத்தாகிவிடுமா?

பதில்: ஆகாது. நீங்களே மனுப் போட்டு விலக்கிக்கொள்ளும்வரை அது நிற்கும். சூழ்நிலை மாறிவிட்டது என்று உங்கள் கணவர் மனுச் செய்தால், நடுவர் காரணம் எழுதித்தான் மாற்ற முடியும்.

கேள்வி: வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து என்னை வெளியேற்றப் பார்க்கிறார்கள்.

பதில்: பயப்படாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். பெங்களூரைச் சேர்ந்த எஸ். வனிதா வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது: முதியோர் சட்டத்தைக் காட்டி மருமகளின் குடியிருப்பு உரிமையைப் பறித்துவிட முடியாது, இரண்டு சட்டங்களையும் இணக்கமாகவே படிக்க வேண்டும். மகன் ஒதுங்கிக்கொண்டு பெற்றோரை முன்னிறுத்துவது பல வீடுகளில் நடக்கிறது. உடனே நடுவரிடம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்கீழ் குடியிருப்பு உத்தரவு கேளுங்கள். அதன் நகலைக் கோட்டாட்சியர் விசாரணையில் தாக்கல் செய்யுங்கள். முதியவர்களுக்கும் நிம்மதி வேண்டுமே. அதனால் அதே தரத்தில் வேறு வீடு அல்லது வாடகை தரும்படி கணவருக்கு உத்தரவிடவும் அந்தப் பிரிவில் இடமிருக்கிறது.

கேள்வி: ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்க என் கணவருக்குக் குடும்பநல நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. பாதுகாப்பு உத்தரவோ அவர் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்கிறது. எதை மதிப்பது?

பதில்: இரண்டையும். ஞாயிற்றுக்கிழமை அனுமதி உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்கான உரிமம் ஆகாது. மீறி வந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் நீங்களாகவே குழந்தையை அனுப்ப மறுத்தால் குற்றம் உங்கள்மேல் திரும்பும். பாதுகாப்பு உத்தரவின் நகலோடு குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போட்டு, சந்திப்பை நீதிமன்ற வளாகத்துக்கு மாற்றக் கேளுங்கள். குழந்தைக்கே ஆபத்து என்றால், சந்திப்பை நிறுத்தும்படி காரணங்களோடு இன்றே மனு எழுதுங்கள். அடுத்த வாய்தா வரை காத்திருக்காதீர்கள்.