இந்தியா போர் விமானம் வாங்க ஏன் இத்தனை வருடம் ஆகிறது? பழையதையே மேம்படுத்தினால் என்ன?

விலைதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பொறுப்பு யாருக்கு என்பதில்தான் பேச்சு அதிகம் இழுக்கும்.

விமானப்படைக்கு 126 போர் விமானம் வாங்கப் போன கதையையே பாருங்கள். 2007-ல் டெண்டர் விட்டார்கள். போட்டிக்கு வந்த ஆறு வகை விமானங்களை லடாக்கின் லே குளிர் வரை கொண்டுபோய்ச் சோதித்தார்கள். 2012 ஜனவரியில் பிரான்சின் ரஃபேல் தேர்வானது. 18 விமானங்கள் பிரான்சிலிருந்து நேராக வரும், மீதி 108-ஐ இங்கே நம் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். கட்டும் என்பது ஏற்பாடு. சரி, எச்.ஏ.எல். கட்டியதில் கோளாறு வந்தால் யார் பதில் சொல்வது? அந்தப் பொறுப்பை ஏற்க பிரெஞ்சு நிறுவனம் தயாராக இல்லை. நம் தரப்பும் விடவில்லை. கடைசியில் 2015-ல் டெண்டரே ரத்து. அடுத்த வருடம் 36 மட்டும் அரசுக்கு அரசு பேசி வாங்கினார்கள். முதல் ஐந்து அம்பாலா விமானப்படைத் தளத்தில் இறங்கியது 2020 ஜூலையில்.

மேம்படுத்துவதும் லேசு இல்லை. நம்மிடம் உள்ள பழைய போர் விமானமான ஜாகுவாருக்குப் புது ரேடார், புது மின்னணுக் கருவிகள் கிடைத்தன, எஞ்சின் பழசுதான். பழைய அம்பாசடரில் ஏசி மாட்டிய மாதிரி! எஞ்சின் மாற்றும் திட்டம் விலை கட்டுப்படியாகாமல் 2019-ல் கைவிடப்பட்டது.

அப்புறம் இங்கேயே உருவான நம்ம தேஜஸ் போர் விமானம். 2021-ல் அதன் மேம்பட்ட வடிவமான மார்க் 1ஏ விமானங்கள் 83-க்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. ஆனால் எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். அந்த எஞ்சின்களில் முதலாவது வந்தது 2025 மார்ச்சில். அதே வருடம் செப்டம்பரில் பழைய மிக்-21 போர் விமானங்கள் ஓய்வுபெற்றன. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவுகள், 42. மிக்-21 போன பிறகு கையில் மிஞ்சியது 29.