கணக்கு மென்பொருள் இழுக்கிறது: பின்னணியில் ஓடும் பொயிங்க்கை என்ன செய்வது?

கேள்வி: திருகோணமலையில் எங்கள் ஹாட்வெயார் கடையின் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பில், ஸ்டொக் எல்லாம், விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்தில் ஃபொக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதிய மென்பொருள். கணினி விண்டோஸ் 7, 32 பிட், ஐ3 புரொசெசர், 4 ஜிபி ரேம். கடிதங்களுக்கு வேர்ட் 2003, பாமினி எழுத்துரு. கம்பஸில் படிக்கும் தம்பி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவும் என்று 'பொயிங்க்' என்ற மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மாத முடிவு ஸ்டொக் அறிக்கை எடுக்கும்போது திரை நின்று நின்று போகிறது. கேட்டால், "அது குறைந்த முன்னுரிமையில்தான் ஓடும் அக்கா, உங்கட வேலையைத் தொடாது" என்கிறான். உண்மையா?

பதில்: தம்பி சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியில்தான் உங்கள் ஸ்டொக் அறிக்கை மாட்டிக்கொள்கிறது.

பொயிங்க் நல்ல மென்பொருள். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. பெரிய ஆராய்ச்சிக் கணக்குகளைச் சிறு துண்டுகளாக உடைத்து, உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் சும்மா இருக்கும் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சி என்று தம்பி சொன்னதால், அவர் சேர்ந்திருப்பது பெரும்பாலும் வேர்ல்ட் கொம்யூனிட்டி கிரிட் என்ற ஆராய்ச்சித் திட்டமாக இருக்கும். 2004இல் ஐபிஎம் தொடங்கியது; 2021இல் டொரொன்டோவில் உள்ள கிரெம்பில் ஆய்வு நிறுவனத்தின் கைக்குப் போனது. தம்பியின் நோக்கத்தில் குறை இல்லை, இடம்தான் சரியில்லை.

விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. பொயிங்க்கின் வேலைகள் மிகவும் கீழ்ப்படியில் நிற்கும். வேறு யாராவது புரொசெசரைக் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆனால் அந்த வரிசை புரொசெசருக்கு மட்டும்தான். கேட்டதும் ஒதுங்கி வழி விடுகிற ஆள், ஆனால் அவர் இறக்கிவைத்த மூட்டைகள் நடைவழியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன என்றால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். மூட்டைகள் எவை என்று பார்ப்போம்.

முதலாவது ரேம். 32 பிட் விண்டோஸ் உங்கள் 4 ஜிபியையும் முழுதாகப் பயன்படுத்தாது. 3 ஜிபியும் கொஞ்சமும்தான் கிடைக்கும். நீங்கள் கணினியில் வேலை செய்யும்போதும் அதில் பாதி வரை பொயிங்க் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் வழக்கமான அமைப்பு. இடம் போதாமல் போனால் விண்டோஸ் ஹாட் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். பழைய ஹாட் டிஸ்க் என்றால் அந்த இடத்தில்தான் திரை உறையும். ஃபொக்ஸ்புரோவும் அதே டிஸ்க்கில்தான் ஸ்டொக் கோப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, ஐ3இன் கோர்கள், அதாவது புரொசெசருக்குள் வேலை செய்யும் பகுதிகள். அந்தக் காலத்து டெஸ்க்டொப் ஐ3இல் உண்மையான கோர் 2தான். விண்டோஸுக்கு மட்டும் அது 4 போலத் தெரியும். ஒரே கோரின் ஒரு பக்கத்தில் பொயிங்க்கும் மறு பக்கத்தில் உங்கள் கணக்கும் ஓடும்போது, முன்னுரிமை என்ன சொன்னாலும் இரண்டும் ஒரே உறுப்புகளைப் பங்குபோடுகின்றன. டாஸ்க் மனேஜரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

மூன்றாவது சூடு. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏசி இல்லாத கடைக்குள் வெப்பம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதோடு சிமெந்துத் தூசி, உப்புக் காற்று. பொயிங்க் நாள் முழுக்க புரொசெசரை முழு வேகத்தில் வைத்திருந்தால், குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அப்படிக் குறையும்போது எல்லா மென்பொருளுக்கும் சேர்த்துத்தான் குறையும். பெட்டியைத் திறந்து ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். பொயிங்க் இல்லாவிட்டாலும் அது செய்ய வேண்டிய வேலை.

இனி ஃபொக்ஸ்புரோவுக்கே உரிய சிக்கல். டொஸ் மென்பொருள்கள், கணினியில் தாங்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. "ஏதாவது விசை அழுத்தப்பட்டதா?" என்று ஓயாமல் விசைப்பலகையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் இதைக் கவனித்து, 'இது சும்மா காத்திருக்கிறது' என்று முடிவு செய்து அதற்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்துவிடும். ஆனால் சில மென்பொருள்கள் அறிக்கை தயாரிக்கும் நடுவிலும், நீங்கள் எஸ்கேப் அழுத்தி நிறுத்துகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கும். உண்மையாக வேலை செய்யும்போதே சும்மா இருப்பதாகக் கணக்கில் வந்துவிடும். அந்த இடைவெளியில் பொயிங்க் புகுந்துவிடும். இதைச் சரிசெய்ய, அந்த மென்பொருளின் ஷோர்ட்கட்டில் வலது கிளிக், புரொபர்ட்டீஸ், மிஸ்க் என்ற பகுதிக்குப் போய், 'ஐடில் சென்சிட்டிவிட்டி' என்பதை 'லோ' பக்கம் இழுத்துவிடுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பொயிங்க்கின் ஃபைல் மெனுவில் 'எக்ஸிட்' கொடுங்கள். ஓடும் வேலைகளையும் நிறுத்தவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். பிறகு ஸ்டொக் அறிக்கையை எடுத்து, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஃபோனில் பாருங்கள். பொயிங்க்கைத் திரும்ப ஓடவிட்டு மறுபடியும் எடுங்கள். இரண்டு தடவையும் ஒரே நேரம் என்றால் பழி பொயிங்க்கின் மேல் இல்லை. அன்டிவைரஸையும் ஹாட் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் தெரிந்தால் பலரும் முதலில் செய்வது, 'கணினி பயன்பாட்டில் இருக்கும்போது நிறுத்து' என்ற அமைப்பில் டிக் போடுவது. உங்களுக்கு அது போதாது. விசைப்பலகையும் மவுஸும் 3 நிமிடம் தொடப்படாவிட்டால், நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள் என்று பொயிங்க் நினைத்துக்கொள்ளும். நீண்ட அறிக்கை ஓடும்போது நீங்கள் எதையும் தொடாமல்தானே காத்திருப்பீர்கள்? சரியாக அந்த நேரம் பார்த்து அது வேலையைத் தொடங்கும். அந்த டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தால், திரை நின்று நின்று போவதற்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரியான இடம் ஒப்ஷன்ஸ் மெனுவில் உள்ள 'எக்ஸ்க்ளூசிவ் அப்ளிகேஷன்ஸ்'. அங்கே சேர்க்கும் மென்பொருள் ஓடும் வரை பொயிங்க் முழுதாக நிற்கும். ஆனால் ஃபொக்ஸ்புரோவின் பெயரைப் போட்டால் பலிக்காது. விண்டோஸின் கண்ணுக்கு அது தெரியாது. டொஸ் மென்பொருள்களைத் தனக்குள் வைத்து ஓட்டும் 'என்டிவிடிஎம்' என்ற ஈஎக்ஸ்ஈ கோப்பைச் சேர்க்க வேண்டும். டொஸ்பொக்ஸ் வழியாக ஓட்டுபவர்கள் டொஸ்பொக்ஸின் பெயரைச் சேர்க்கலாம். அதோடு, பொயிங்க் பயன்படுத்தக்கூடிய புரொசெசர்களின் எண்ணிக்கையை 25 வீதமாக்குங்கள். உங்கள் ஐ3இல் ஒரு கோர் முழுதாக உங்களுக்கு மிஞ்சும். இடைநிறுத்திய வேலைகளை ரேமிலேயே வைத்திருக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

வேர்டுக்கு வேறு மருந்து. பாமினியில் நீங்கள் தமிழ் டைப் செய்தாலும் வேர்ட் 2003 பார்ப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளைத்தான். ஒவ்வொரு சொல்லும் அதற்குப் பிழை. பின்னணியில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டே இருக்கும். டூல்ஸ், ஒப்ஷன்ஸ் போய் எழுத்துப்பிழை, இலக்கணச் சோதனை இரண்டையும் நிறுத்துங்கள். பாமினியில் கடிதம் அடிக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன்: கடைக் கணக்கு இருக்கும் கணினியில் பொயிங்க் வேண்டாம். வேகம் மட்டும் காரணம் இல்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14உடன் நிறுத்திவிட்டது. அந்தக் கணினி இணையத்தில் இல்லாமல் இருப்பதுதான் உங்கள் கணக்குக்குப் பாதுகாப்பு. பொயிங்க்குக்கோ வேலை வாங்கவும் விடை அனுப்பவும் இணையம் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும் நேரமும் பொயிங்க் ஓடினால் குறையும். பில் அடிக்கும் நடுவில் அது அணைந்தால் ஃபொக்ஸ்புரோ கோப்புகள் பழுதாகலாம்.

தம்பி தன் லேப்டொப்பில் அதே பொயிங்க் அக்கவுண்டில் தொடரட்டும். பொயிங்க் அண்ட்ரொய்ட் ஃபோனிலும் ஓடும். கடைக் கணினியில் இருந்து எடுக்கும்போது உடனே அழிக்க வேண்டாம். புரொஜெக்ட்ஸ் பகுதியில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' கொடுத்து, கையில் இருக்கும் வேலைகளைக் கடை பூட்டிய பிறகு ஓரிரு இரவு ஓடி முடிக்க விடுங்கள். விடைகள் போய்ச் சேர்ந்ததும் 'ரிமூவ்' கொடுத்துவிட்டு மென்பொருளை நீக்கலாம். பாதியில் அழித்தால், தவணை முடியும் வரை அந்தத் துண்டுகளுக்காக ஆய்வாளர்கள் காத்திருந்து, பிறகு வேறொருவருக்கு அனுப்ப வேண்டிவரும்.