விலைக்கு வேண்டாம், கம்பத்துக்குச் சட்டம் கேளுங்கள்

கேள்வி: ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 15 டாலருக்கு இன்டர்நெட் தரவேண்டும் என்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது. நம் சட்டமன்றம் கேபிள், பிராட்பேண்ட் கட்டணத்துக்கு ஏன் உச்சவரம்பு விதிக்கவில்லை?

பதில்: இங்கே விதித்தாலும் நிற்காது. நியூயார்க் 2021-இல் இயற்றிய சட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு 25 எம்பிபிஎஸ் வேகத்தை 15 டாலருக்கோ 200 எம்பிபிஎஸ் வேகத்தை 20 டாலருக்கோ தரச் சொல்கிறது. நிறுவனங்கள் வழக்குப் போட்டு, 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றன. 2025 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வந்த உடனே ஏடி அண்ட் டி தன் 5ஜி வீட்டு இணைப்புச் சேவையை அந்த மாநிலத்தில் நிறுத்திக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே இன்டர்நெட் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை மத்திய ஆணையம் கைவிட்டிருந்ததால் மாநிலத்துக்கு இடம் கிடைத்தது. இங்கே அந்த இடமே கிடையாது. தொலைபேசி, ஒலிபரப்பு, அவை போன்ற தகவல் தொடர்பு எல்லாமே அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 31-ஆவது இனம். கட்டண விவகாரம் ட்ராய் எனும் மத்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் வசம்.

தமிழ்நாடு முயன்று பார்க்காமலும் இல்லை. 2006 ஜனவரியில் கேபிள் நெட்வொர்க்குகளை அரசே கையகப்படுத்தச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவே இல்லை. 2011-இல் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மறுபடி எழுந்த அரசு கேபிள் நிறுவனம்கூட, டிஜிட்டல் உரிமத்துக்காக 2017 ஏப்ரல் வரை டெல்லியைப் பார்த்துக் காத்திருந்தது. அந்த வருடங்களில் எத்தனை சந்தாதாரர்கள் டிடிஎச் பக்கம் போனார்கள் என்று எந்த ஆபரேட்டரையும் கேளுங்கள்.

மாநிலத்தின் கையில் உறுதியாக இருந்தது வரி. கேபிள் மீது மாநிலம் போட்ட வரி செல்லும், அதே சேவைக்கு மத்திய அரசு போட்ட சேவை வரியும் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேரள அரசுக்கும் ஏசியாநெட் கேபிள் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் சொல்லிவிட்டது. ஜிஎஸ்டிக்குப் பிறகு இந்த அதிகாரம் உள்ளாட்சிகள் விதிக்கும் கேளிக்கை வரி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏற்கெனவே 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிற சந்தாதாரர் தலையில் இன்னொரு வரியை ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

உண்மையான பிடி மின்கம்பத்திலும் சாலையிலும் இருக்கிறது. இரண்டும் மாநிலத்தின் கையில்.

உங்கள் தெருவில் ஒரு கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள். ஏழெட்டு கம்பெனி கேபிள்கள், நடுவே சுருட்டித் தொங்கவிட்ட வளையங்கள், எது யாருடையது என்று சொல்ல ஓர் அடையாளத் தகடுகூட இருக்காது. இது தெரு அழகை மட்டும் கெடுக்கிற விஷயம் இல்லை. வீட்டு ஃபைபர் இணைப்பில் வழக்கமாக 28 டெசிபல் ஒளி இழப்பு வரை தாங்கும் (வழியில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதன் அளவுதான் டெசிபல்). 64 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே அதில் ஏறக்குறைய 20-ஐத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதுதான் தூரத்துக்கும் ஜாயின்ட்டுகளுக்கும். ஒழுங்காக ஸ்ப்ளைஸ் செய்த, அதாவது இழைகளை உருக்கி ஒட்டிய ஜாயின்ட்டில் 0.1 டெசிபல் போவதே அதிகம். கம்பத்தில் கேபிளை மடக்கிக் கட்டுக்கம்பியால் இறுக்கினாலோ, அந்த ஒரு மடிப்பே சில டெசிபலை விழுங்கிவிடும். வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளியின் பலம் மைனஸ் 27 டிபிஎம் என்ற அளவுக்குக் கீழே போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். அப்புறம் சிவப்பு விளக்குதான். மோடத்தை மாற்றிப் பிரயோஜனமில்லை.

ஏன் அப்படிக் கட்டுகிறார்கள்? முறையாக அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. கிளாம்ப் வாங்கிப் பொருத்துகிற செலவை, நாளைக்கே மின்வாரிய ஊழியர் வெட்டிப்போடக்கூடிய கேபிளுக்கு யார் செய்வார்? கம்பம் மாற்றும்போது வெட்டுகிறார்கள், ஆபரேட்டர் மறுபடி இழுக்கிறார், அந்தச் செலவும் உங்கள் மாதக் கட்டணத்தில்தான் ஏறுகிறது.

1995-ஆம் வருட கேபிள் சட்டத்தின் 4பி பிரிவு ஆபரேட்டருக்கு வழியுரிமை, அதாவது பொது இடத்தின் வழியே கேபிள் கொண்டுபோகும் உரிமை தருகிறது. ஆனால் கம்பத்துக்கோ நிலத்துக்கோ சொந்தமான பொது அமைப்பு அனுமதித்தால்தான். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கின்றன. அந்த வழியில் போவதானால் உரிமம் பெற்ற இன்டர்நெட் நிறுவனத்தின் பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேறு கம்பெனியின் பிராட்பேண்டை எடுத்து விற்கும் ஆபரேட்டர், தன் கேபிள் பதிவுச் சான்றை மட்டும் நீட்டினால் போதாது.

கேரளம் கட்டணச் சட்டம் எதுவும் போடவில்லை. மின்வாரியத்தையே பங்குதாரராக்கி, அதன் கம்பங்கள் வழியாகக் கே-ஃபோன் என்ற தன் அரசு இன்டர்நெட் திட்டத்தின் ஃபைபரை இழுத்தது. 2023 ஜூனில் 20 எம்பிபிஎஸ் 299 ரூபாய்க்கு வந்தது. நம்மிடமும் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் டான்ஃபிநெட் திட்டம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் அதைக் கொண்டுபோகப் போவது உள்ளூர் கேபிள்காரர்தான். அவருக்குக் கம்பம் வேண்டும்.

அதனால் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் விலைக்குச் சட்டம் கேட்காதீர்கள். ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் எண், அதில் ஏறும் ஒவ்வொரு கேபிளுக்கும் தகடு, எல்லோருக்கும் ஒரே வாடகை, வெட்டுவதற்கு முன் எழுத்தில் அறிவிப்பு, புதிதாகச் சாலை போடும்போதே கேபிளுக்குக் குழாய் பதிப்பது: இவற்றைக் கேளுங்கள். அடுத்த நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கையின்போது, எந்தெந்தச் சாலையில் அந்தக் குழாய் பதித்தார்கள் என்று அவர் அவையில் பெயர் சொல்லிக் கேட்கட்டும்.